சீமை சார்ட்டும் லோயிஸ் எழுதிய சீட்டும்

எலியேசருக்கு எதற்கும் ஒரு தாள் வேண்டும். திருத்தணி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான்? ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. நகர்ந்தால் எதிரே வருகிற வண்டியோடு முட்டிக்கொள்ளும். பதினான்கு வருஷமாக அந்தப் பயத்தோடு லீவரை இழுத்து இழுத்து, தாள் இல்லாத காரியம் உருப்படாது என்பது அவன் ரத்தத்தில் ஊறிவிட்டது. கடைக்குப் போவதென்றாலும் அவன் மனைவி லோயிஸ் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் பருப்பு டப்பா காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனாலும், சீட்டில் பருப்பு இல்லையென்றால் வாங்கி வரமாட்டான். நல்ல மனுஷன்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவனோடு பத்து நாள் குடித்தனம் நடத்திவிட்டு வந்து பேசுங்கள்.

பளு தூக்குகிற பைத்தியமும் அவனுக்குத் தாளிலிருந்துதான் தொற்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் பாசஞ்சர் வண்டியில் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று அவன் கையில் கிடைத்தது. அதில் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் சிரித்தான். எலியேசருக்குத் தமிழ் பைபிளை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரான லோயிஸ்தான் படித்துச் சொன்னாள். எந்தக் கிழமையில் எத்தனை ராத்தல் எடை, எத்தனை முறை, எப்போது ஓய்வு என்று பன்னிரண்டு வாரத்துக்கும் கட்டம் கட்டி எழுதிய சார்ட் சீமையிலிருந்து தபாலில் வரும். அதை முடித்தவர்களுக்கு இரண்டாவது சார்ட் உண்டு.

விடுவானா? மதராஸ் புத்தகக் கடை ஒன்றின் மூலம் சார்ட்டை வரவழைத்தான். மூர் மார்க்கெட்டில் பழைய பார்பெல் ஒன்றை வாங்கி, தட்டுத் தட்டாகக் கழற்றி ரயிலில் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தான். தினமும் காலையில் லோயிஸ் அன்றைய கட்டத்தைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அதைப் படித்து, தூக்கி முடித்து, சீட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் தொங்குகிற சீட்டுக் கம்பியில் குத்திவிடுவான். நூறு ராத்தலில் ஆரம்பித்தவன் பன்னிரண்டாம் வாரம் நூற்று நாற்பதைத் தலைக்கு மேல் நிறுத்தினான். இருநூறு நிறுத்த வேண்டும், அது ஒன்று போதும் என்று அன்றைக்கே சொன்னான். அதற்கு மேல் அவன் இந்த உலகத்தில் எதையும் கேட்டதில்லை.

லோயிஸின் தம்பி ஜெபதாஸ் இதற்கு நேர் எதிர். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். அக்கா புருஷனை 'பாவா' என்று கூப்பிடுவான். அக்கா வீட்டுக்கு வருவான், கம்பியை ஒரு பார்வை பார்ப்பான். "இன்னிக்கு உடம்பு கேக்குது பாவா" என்று சட்டையைக் கழற்றினால் எலியேசரைவிடப் பத்து ராத்தல் அதிகம் போட்டுத் தூக்குவான். மறுநாள் அதையே அசைக்க முடியாமல், "உடம்பு வாணாம்னுது" என்று திண்ணையிலே மல்லாந்துவிடுவான்.

"உடம்பு பேசுமாடா?" என்பான் எலியேசர்.

"தாளு பேசும்போது உடம்பு பேசாதா பாவா?"

முதல் சார்ட் முடிந்ததும் இரண்டாவதற்கு எழுதிப்போட்டார்கள். அதற்குள் ஜப்பான்காரனும் சண்டையில் இறங்கிவிட்டான். கடிதம் போன கப்பல் மூழ்கியதா, சார்ட் வந்த கப்பல் மூழ்கியதா, கடவுளுக்கே வெளிச்சம். எலியேசர் தினமும் தபால்காரர் வீராசாமியை வழிமறித்தான். வீராசாமி கடைசியில் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

"பழைய சார்ட்டையே மறுபடி தூக்குங்களேன்" என்றாள் லோயிஸ்.

"அது முடிஞ்சு போச்சே. போன வண்டியோட தாள வச்சிக்கினு இன்னொரு வண்டிய வுட முடியுமா?"

நாலு மாதம் கம்பியைத் தொடவில்லை. கோழி அதன்மேல் உட்கார்ந்து தூங்கியது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றுகூட இரண்டாவது களி உருண்டை வேண்டாம் என்றான். நாற்பத்திரண்டு ஏப்ரலில், குண்டு விழும் என்று பயந்து மதராஸ் சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலில் பிதுங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கலவரத்திலும் எலியேசர் ஒவ்வொரு தபால் பையையும் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றான். லோயிஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்கு அவன்மேல் அத்தனை ஆசை.

மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைசானியம்மாவிடம் சீமைத் தபால்தலை ஒட்டிய பழைய உறை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷில் அச்சடித்த ஏதோ பாட அட்டவணையை அதற்குள் மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற வாயால், "என்னாங்க, ரெண்டாவது சார்ட் வந்துடுச்சு" என்றாள்.

எலியேசர் உறையை வாங்கி, தபால்தலையைத் தடவிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று நாலு உருண்டை களி சாப்பிட்டான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். லோயிஸின் புளுகு எட்டு மாதம் ஓடியது. சும்மா ஓடவில்லை, ஒவ்வொரு காலையும் அதற்கு அவள் வேலை செய்தாள். அவளுக்குப் பளுவைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எலியேசரைத் தெரியும். முந்தின நாள் டூட்டி முடிந்து வந்தவன் கைவிளக்கை மெதுவாக வைத்தானா, தொப்பென்று போட்டானா? கிணற்றில் வாளியை இரண்டு இழுப்பில் தூக்கினானா, நாலு இழுப்பா? காப்பி டம்ளரை வலது கையால் வாங்கினானா, தோளை ஒளித்து இடது கையால் வாங்கினானா? இதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, சார்ட்டைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எழுதுவாள். 'நூற்றைம்பது. மூன்று முறை. மூன்றுக்கு மேல் கூடாது.' சில நாள் 'ஓய்வு' என்று ஒரே சொல். சண்டை போட்ட மறுநாள் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவாள். கோபத்தில் அவன் நன்றாகத் தூக்குவான் என்பது அவள் கண்டுபிடித்த ரகசியம்.

நூற்று அறுபது வந்தது. ஆவணியில் நூற்று எழுபத்தைந்து. எலியேசர் ஸ்டேஷன் முழுக்கச் சீமைக்காரன் புகழ் பாடினான்.

ஒருநாள் மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கம்பியில் குத்திய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஜெபதாஸ், "அக்கா, எனக்கொரு சந்தேகம்" என்றான். "மாசா மாசம் கிருத்திகை அன்னிக்குப் பாவாவுக்கு ஓய்வு வருதே. சீமையில இருக்கறவனுக்குக் கிருத்திகை எப்பிடிக்கா தெரியும்?"

முறம் நின்றுவிட்டது. மலைக்குக் கூட்டம் வருகிற நாளில் வண்டி மேல் வண்டியாக விட்டு, சாயங்காலம் கால் வீங்கி வருகிறவனுக்கு அவள் வேறு எதை எழுதுவாள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலியேசரே அவளைக் காப்பாற்றினான்.

"அவன் உலகத்துக்கே சார்ட் போடறவன்டா. எந்த ஸ்டேஷன்ல என்னிக்குக் கூட்டம்னு விசாரிச்சுக்கினுதான் அனுப்புவான். ஏன் லோயிசு, நான் ஸ்டேஷன்ல இருக்கறேன்னு நீ கடுதாசில எழுதினே இல்ல?"

"ஆங், எழுதினேன்" என்றாள் லோயிஸ். இரண்டாவது பொய்.

டிசம்பரில் அரக்கோணம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பளு தூக்கும் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. பாவாவும் மச்சானும் பேர் கொடுத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பக்தவச்சலம்தான் அந்தப் போட்டிக்கு நடுவர். காலேஜில் படிக்கும்போது அவரும் பளு தூக்கினவர். அவரிடம் எலியேசர் தன் சீட்டுக் கம்பியையே கழற்றிக்கொண்டுபோய்க் காட்டினான். அவர் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, அவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எலியேசர், இந்த மாதிரி ஒரு முறையை நான் பாத்ததே இல்லய்யா. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஆளு ஏறிக்கினே வந்திருக்கே. அந்த இங்கிலீஷ் சார்ட்ட சனிக்கிழமை போட்டிக்கு எடுத்துனு வா. இன்ஸ்டிட்யூட் பசங்களுக்கெல்லாம் டைப் அடிச்சுக் குடுக்கலாம்."

எலியேசர் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். பெட்டியில் இருப்பதோ பாட அட்டவணை.

அன்று சாயங்காலம் அவன் டூட்டிக்குப் போனதும், ஒரு இங்கிலீஷ் சார்ட்டைத் தானே எழுதிவிடலாம் என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள். முதல் வாரம், திங்கட்கிழமை என்று எழுதினாள். பிறகு கம்பியிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'நூற்று நாற்பது, ஐந்து முறை.' அன்று அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். 'ஓய்வு.' அன்று தண்டவாளத்தில் ஒரு பசுமாடு அடிபட்டு அவன் சாப்பிடாமல் வந்தான். 'நூற்று எழுபது, ஒரே முறை.' அன்று அவர்கள் கலியாண நாள். இதில் எந்த நாளை எந்தக் கட்டத்தில் போடுவது? இதை எடுத்து இன்னொருவன் தூக்கினால் அவன் இடுப்பு என்ன ஆகும்? தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். இனி சொல்லாமல் முடியாது. சொன்னால் அவன் அவளை மறுபடி எதற்கும் நம்பமாட்டான். தாளை நம்பி வாழ்கிறவனுக்குப் பொய்த்தாள் கொடுத்தவளை வேறு என்ன செய்வான்?

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு லீவர் பக்கம் போனாள். எலியேசர் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னாங்க. ரெண்டாவது சார்ட் வரவே இல்ல."

"எந்த சார்ட்டு?"

"நீங்க தூக்கிக்கினு இருக்கீங்களே, அதுதான். தினம் காலையில உங்க மூஞ்சியப் பாத்து நானே எழுதினேன்."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "மொத நாள்லேர்ந்தா?"

"ஆங்."

"அந்தத் தபால்தலை?"

"துரைசானியம்மா குடுத்தாங்க. சாப்பாடு எறங்காம நீங்க உக்காந்துகினு இருந்தீங்க. என்னால பாக்க முடியல."

ரேணிகுண்டா கூட்ஸுக்கு மணி அடித்தது. எலியேசர் எழுந்து லீவரைத் தள்ளி, கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிப் பெட்டி போனபிறகும் கொடியை இறக்க நேரமாயிற்று. திரும்பி வந்து, பிரிக்காத கேரியரை அவள் கையில் கொடுத்தான்.

"எட்டு மாசம் ஆர்டர் இல்லாம ஓடிக்கினு இருந்திருக்கேன்" என்றான். அவ்வளவுதான். பிறகு அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லோயிஸ் பழக்கத்தில் சீட்டு எழுதிவிட்டாள். 'ஓய்வு.' அவன் வாங்கவில்லை. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஜெபதாஸிடம் போய் அழுதாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்போ பாவாவும் என்ன மாதிரிதான் தூக்கிக்கினு இருந்தாரா?"

"உன்ன மாதிரி இல்லடா. நீ உன் உடம்பக் கேட்டே. அவரு உடம்ப நான் கேட்டேன்" என்றாள் லோயிஸ். அதற்கு அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் ஒரே பெட்டியில் அரக்கோணம் போனார்கள். எலியேசர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு வந்தான். முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. பக்தவச்சலம் சார்ட்டைக் கேட்டதற்கு, "அது கெடைக்கலிங்க சார்" என்றான். அவன் தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது லோயிஸுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

இன்ஸ்டிட்யூட் ஹாலில் இருநூறு ஆண்களாவது இருப்பார்கள். ஓரமாக நாலு நாற்காலியில் இரண்டு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்களும் லோயிஸும். ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை. கம்பியை மார்புக்கு எடுத்து அங்கிருந்து தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். லோகோ ஷெட் ஃபிட்டர் ஒருவன் நூற்றுத் தொண்ணூற்றைந்து நிறுத்தினான். ஜெபதாஸ் நூற்றுத் தொண்ணூறை விளையாட்டு மாதிரி நிறுத்திவிட்டு, உடம்பு கேட்கிறது என்று இருநூறு போடச் சொன்னான். இரண்டு தடவையும் மார்புக்குமேல் போகவில்லை. "உடம்பு பொய் சொல்லிடுச்சு" என்று இளித்துக்கொண்டே இறங்கினான்.

எலியேசர் நூற்றுத் தொண்ணூறை நிறுத்தினான். அவன் வாழ்நாளில் அதுவரை தூக்காத எடை. அடுத்தது இருநூறு. மார்புக்கு வந்தது, தலைக்கு எழும்பியது, முழங்கை நீளுமுன் முன்னால் சரிந்து விழுந்தது. ஹால் முழுக்க 'ச்சோ' என்றது. இன்னும் ஒரு தடவை பாக்கி. நிறுத்திவிட்டால் கோப்பை அவனுக்கு. கோப்பை கிடக்கட்டும், அந்த இருநூறு அவனுக்கு.

அவன் பெஞ்சில் உட்காரப் போனதை லோயிஸ் பார்த்தாள். கீழே கிடந்த துண்டை எடுக்க இடுப்பை வளைக்கவில்லை. முழங்காலை மடக்கி எடுத்தான். இடது கை தானாக இடுப்புக்குப் பின்னால் போனது. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் இப்படித்தான் குனிந்தான். அன்று ஒரு வாரத்துக்கு ஓய்வு எழுதினாள். ஐயோ, முதுகு பிடித்திருக்கிறது. இதை இவனிடம் எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னால் கேட்பானா? யார் ஆர்டர் என்று கேட்டால்?

எலியேசர் எழுந்தான். மேடைக்குப் போகாமல் ஹாலைக் குறுக்கே கடந்து, வியர்வை சொட்டச் சொட்ட அவள் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றான். இரண்டு நாளுக்குப் பிறகு அவளிடம் வாயைத் திறந்தான்.

"இன்னா சொல்றே?"

தூக்குங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தூக்கியும் விடுவான், அவளை மன்னித்தும் விடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனியில் சர்க்கரையாக நின்றது. அவள் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாங்க. முதுகு புடிச்சிருக்கு."

"தூக்கிடுவேன்னு தோணுது லோயிசு."

"எனக்கும் தோணுது. தூக்கிடுவீங்க. அப்புறம் மூணு மாசம் லீவரப் புடிக்க மாட்டீங்க."

அவன் மேடையிலிருந்த கம்பியைத் திரும்பிப் பார்த்தான். அதைப் பார்த்த பார்வையில் லோயிஸின் நெஞ்சு உடைந்தது. அவன் மேடைக்கு நடந்தான். "தூக்கு பாவா" என்று ஜெபதாஸ் கத்தினான். ஹால் அடங்கியது. சரி, அவ்வளவுதான், இனி என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்று லோயிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டு விழுகிற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எலியேசர் கம்பியைத் தாண்டி நடுவர் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"விட்டுடறேங்க சார்."

கையில் கடிகாரத்தோடு பக்தவச்சலம் நிமிர்ந்தார். "ஏன்யா? ஒண்ணுதானே பாக்கி. மயிரிழையில போச்சு. என்ன காரணம்?"

யார்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் எலியேசருக்கு. மெதுவாகப் பேச வராது. ஹால் முழுவதும் கேட்டது.

"வூட்ல வேணாம்னு சொல்லிட்டாங்க சார்."

இருநூறு ஆண்களும் கொல்லென்று சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தான். ஃபிட்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். எலியேசர் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாதவனாக ஒரு நிமிஷம் நின்றான். பிறகு தன் சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, நேரே லோயிஸிடம் வந்தான். வலது கையை நுழைத்துவிட்டான். இடது கையைப் பின்னால் கொண்டுபோக முதுகு விடவில்லை. அவள் பக்கம் தோளைத் திருப்பிக் காட்டினான்.

லோயிஸ் அழுதுகொண்டே எழுந்து, அத்தனை பேர் பார்க்க, சட்டையை இழுத்து அவன் கையை மெல்ல உள்ளே நுழைத்தாள். பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள்.